விண்மீன் கப்பலை எங்கே கட்டுவது: தரையிலா, சுற்றுப்பாதையிலா?

காரைக்குடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் கூடி எழுதியதை வாசிக்கிறோம். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தேவகோட்டையிலிருந்து பஸ் பிடித்து வரும் தச்சு ஆசாரி ஒருவர், பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் என்று பல வகை ஆட்கள். விண்மீன்களுக்குப் போகும் கப்பல் யார் கதையில் வந்தாலும் உடனே ஒரு கேள்வி எழும்: "இவ்வளவு பெரிசை எங்கே வைத்துக் கட்டினார்கள்?" அதிலிருந்து கிளைத்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கப்பலுக்கான உலோகம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. அது தெரிந்துவிட்டால் பட்டறை எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள் அண்ணே, எது சரி?

இன்றைய ராக்கெட்டுகள்தான் உங்கள் கதையிலும் என்றால், பாகங்களைத் தரையில் செய்து மேலே கொண்டுபோய்ப் பூட்டுவது ஒன்றே நடக்கக்கூடிய வழி. கப்பல் ஆயிரக்கணக்கான டன் என்று ஆனால் அந்தப் பாகங்களையும் நிலவிலோ சிறுகோள்களிலோ செய்தாக வேண்டும். முழுக் கப்பலையும் பூமியில் கட்டி அப்படியே எழுப்ப ஆசைப்பட்டால் கதைக்குப் புதுவகை எஞ்சின் தேவை. அந்த எஞ்சின் வந்தபின் ஊர் உலகம் என்ன ஆகும் என்பதையும் நீங்களே எழுத வேண்டும்.

படங்களில் வயல்வெளியில் கப்பல் நிற்கிறதே, தரையில் கட்டினால் என்ன குறைந்துவிடும்?

கட்டுவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. தரையில் காற்று உண்டு, கிரேன் உண்டு, கீழே விழுந்த நட்டு அங்கேயே கிடக்கும், ஆட்கள் மாலையில் வீட்டுக்குப் போவார்கள். தூக்குவதுதான் சிக்கல்.

நம் இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது அதன் எடை சுமார் 640 டன். தாழ் சுற்றுப்பாதைக்கு, அதாவது பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் மேலே, அது கொண்டுபோவது ஏறத்தாழ 8 டன். எண்பதுக்கு ஒன்று. இதன் காரணத்தை ரஷ்ய அறிவியலாளர் சியால்கோவ்ஸ்கி 1903இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார். எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். சுற்றுப்பாதையில் நிற்க நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் தேவை. காற்றின் தடையையும் ஈர்ப்பின் இழுப்பையும் சேர்த்தால் ராக்கெட் கொடுக்க வேண்டியது சுமார் 9.4 கிலோமீட்டர் ஆகிவிடும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் நல்ல எஞ்சினில் புகை வெளியேறும் வேகம் நொடிக்கு 4.4 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் மொத்த எடையில் 88 சதவீதம் எரிபொருளாக இருந்தாக வேண்டும். தொட்டி, எஞ்சின், சரக்கு எல்லாம் மீதி 12 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும்.

உங்கள் கப்பல் ஒரு லட்சம் டன் என்று வையுங்கள். எல்விஎம்3 விகிதத்தில் அதைத் தூக்க 80 லட்சம் டன் ராக்கெட் வேண்டும். துண்டு துண்டாக அனுப்பினால் 12,500 ஏவுதல்கள். நாளுக்கு ஒன்று வீதம் ஒரு நாள்கூடத் தவறாமல் ஏவினாலும் 34 ஆண்டுகள்.

கதை வேறொரு கோளில் நடந்தால் இன்னும் கவனம் வேண்டும். பூமியின் அதே அடர்த்தி, விட்டம் மட்டும் ஒன்றரை மடங்கு என்று ஒரு கோளை வைத்தால் தப்பும் வேகமும் (ஈர்ப்பிலிருந்து முழுமையாக விடுபடத் தேவையான வேகம்) ஒன்றரை மடங்காகிறது: 11.2க்குப் பதில் நொடிக்கு 16.8 கிலோமீட்டர். அதே எஞ்சினோடு அங்கே சுற்றுப்பாதைக்குப் போக 95 சதவீதத்துக்கு மேல் எரிபொருள் வேண்டியிருக்கும். அந்த ஊர் மக்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்தும் வானத்துக்கே வராமல் போகலாம். இதுவே ஒரு நல்ல கதைக்கரு.

அப்படியானால் தரையில் கட்டுவதாக எழுதவே கூடாதா?

எழுதலாம். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது.

ஒரு கிலோ பொருளைப் பூமியின் ஈர்ப்பிலிருந்து முழுமையாக விடுவிக்கத் தேவையான ஆற்றல் எவ்வளவு தெரியுமா? நம் வீட்டு மீட்டர் கணக்கில் சுமார் 17 யூனிட் மின்சாரம். அவ்வளவுதான். மேலே சொன்ன ஒரு லட்சம் டன் கப்பலுக்கு 174 கோடி யூனிட். கூடங்குளத்தில் ஓர் உலையின் திறன் 1000 மெகாவாட். அது இரண்டரை மாதம் ஓடினால் அந்த ஆற்றல் கிடைத்துவிடும். ஆக, ஆற்றலின் அளவு பெரிய தடை இல்லை. ராக்கெட் என்ற முறை அதில் பெரும்பகுதியை எரிபொருளைத் தூக்குவதிலேயே செலவழித்துவிடுகிறது.

இப்போது விண்மீன் கப்பலின் கணக்கைப் பாருங்கள். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு கிலோவைக் கொண்டுபோகத் தேவையான ஆற்றல், அதே கிலோவைப் பூமியிலிருந்து விடுவிக்கும் ஆற்றலைப் போல எழுபது லட்சம் மடங்கு. அவ்வளவு ஆற்றலைக் கையாளத் தெரிந்த நாகரிகத்துக்குப் பூமியின் ஈர்ப்பு ஒரு பொருட்டே இல்லை என்று நீங்கள் வாதிடலாம். நியாயமான வாதம்தான்.

ஆனால் இரண்டு கேள்விகளுக்குக் கதை பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது, உந்துவிசை. சிக்கனமான எஞ்சின்கள் பெரும்பாலும் பலவீனமானவை. 2007இல் கிளம்பிய டான் விண்கலத்தின் அயனி எஞ்சின் கொடுத்த அதிகபட்ச உந்துவிசை பூமியில் 9 கிராம் பொருளின் எடைக்குச் சமம். வெற்றிடத்தில் மாதக்கணக்கில் ஓடினால் அது பெரிய வேகத்தைக் கொடுக்கும். தரையிலிருந்து தன்னைத்தானே அரை அங்குலம்கூட எழுப்பிக்கொள்ளாது. இரண்டாவது, கீழே இருப்பவர்கள். அணுக்கரு இணைவில் ஓடும் எஞ்சினின் வாலில் வருவது நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாயும் பிளாஸ்மா, அதாவது மிகச் சூடான மின்னேற்ற வாயு. அது எந்த ஊருக்குப் பக்கத்தில் எரியப்போகிறது?

இதற்கு உண்மையான முன்னுதாரணம் இருக்கிறது. 1958 முதல் 1965 வரை அமெரிக்காவில் ஓரியன் என்ற திட்டம் நடந்தது. கப்பலுக்குப் பின்னால் சிறு அணுகுண்டுகளை ஒவ்வொன்றாக வெடிக்கவைத்து, அந்த அதிர்ச்சியை ஒரு பெரிய தட்டில் வாங்கி முன்னேறுவது. சக்தியும் சிக்கனமும் ஒன்றாகக் கிடைத்த அரிய வடிவமைப்பு. ஆயிரக்கணக்கான டன் கப்பலைத் தரையிலிருந்தே நேராக எழுப்பிவிடலாம் என்று கணக்குகள் காட்டின. ஆனால் ஒவ்வோர் ஏவுதலின் கதிர்த்தூசும் உலகில் எங்கோ யாரோ சிலரின் சாவுக்குக் காரணமாகும் என்று அதில் வேலை செய்த ஃப்ரீமன் டைசனே கணக்கிட்டார். 1963இல் வந்த அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் காற்று மண்டலத்திலும் விண்வெளியிலும் அணுவெடிப்பைத் தடுத்தது. திட்டம் அத்தோடு மெல்ல முடிந்தது.

தரையில் கட்டும் கதையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தவிர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கப்பல் எழும் நாளில் எந்தக் கிராமத்தைக் காலிசெய்தார்கள், யார் போக மறுத்தார்கள், கண்மாய்த் தண்ணீர் என்ன ஆயிற்று? கதை அங்கேதான் இருக்கிறது.

"பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே வீடு கட்டவில்லையா? அதுபோல மேலேயும் கட்டலாமே?" (பள்ளத்தூர் ஆச்சி கேட்டது)

ஆச்சி, நீங்கள் சொன்னது மிகச் சரியான உவமை. அதை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம்.

செட்டிநாட்டில் தேக்குக் காடு கிடையாது, சலவைக்கல் மலை கிடையாது. கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது கடல் தாண்டி வாணிபம் செய்யப் போனவர்கள், பர்மாவிலிருந்து தேக்கையும் இத்தாலியிலிருந்து சலவைக்கல்லையும் தருவித்தார்கள். ஆனால் வீட்டின் எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? செங்கல், மண், சுண்ணாம்பு எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தவை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்கூட அந்த ஊர் மணலில், சிமெண்டும் வண்ணமும் கலந்து, கண்ணாடிமேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்தது. பாரமானது உள்ளூர்ச் சரக்கு, அருமையானது கடல் தாண்டி வந்த சரக்கு.

சுற்றுப்பாதைப் பட்டறைக்கும் அதே கணக்கு. கப்பலின் ஓட்டுத் தகடு, கதிர்வீச்சைத் தடுக்கும் கனமான சுவர், தண்ணீர், எரிபொருள் ஆகியவை எடையில் பெரும்பங்கு. அவை நிலவிலிருந்தோ சிறுகோளிலிருந்தோ வர வேண்டும். சிப்பு, லென்ஸ், மருந்து, விதை போன்ற எடை குறைந்த, செய்யக் கடினமான பொருட்கள் பூமியிலிருந்து வரலாம். இந்தப் பிரிவினையைச் செய்துவிட்டால் மேலே கேட்ட 12,500 ஏவுதல்கள் சில நூறாகச் சுருங்கும்.

நிலவிலிருந்து கொண்டுவருவது அவ்வளவு மலிவா?

நிலவின் தப்பும் வேகம் நொடிக்கு 2.38 கிலோமீட்டர்தான். ஆற்றல் கணக்கில் பூமியின் 22இல் ஒரு பங்கு. கிலோவுக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. காற்றும் இல்லாததால் ராக்கெட்டே தேவையில்லை, நீண்ட மின்காந்தத் தண்டவாளத்தில் சரக்கை வேகப்படுத்தி அப்படியே எறிந்துவிடலாம். 1970களில் பிரின்ஸ்டன் பேராசிரியர் ஜெரார்ட் ஓ'நீல் இதைக் கணக்குப்போட்டுக் காட்டினார், மாதிரியும் செய்து பார்த்தார்.

நிலா மண்ணின் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். சிலிக்கன், இரும்பு, அலுமினியம், டைட்டானியமும் உண்டு. ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. பிரிப்பதற்கு ஒரு வழி, மண்ணை உருக்கி மின்சாரம் பாய்ச்சுவது. ஒரு முனையில் ஆக்சிஜன், மறுமுனையில் உலோகம். காரைக்குடிக்காரர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் பாடமே மின்சாரத்தால் வேதிமாற்றம் செய்வதுதான். நிலவுப் பட்டறையின் தலைமை வேதியியலாளர் காரைக்குடிப் பெண்ணாக இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

சங்கடங்களையும் எழுதுங்கள். நிலவின் இரவு ஏறத்தாழ 14 பூமி நாட்கள். அவ்வளவு நாள் சூரிய மின்சாரம் கிடையாது. தூசு கண்ணாடித் துகள்போல் கூரானது, அப்போலோ வீரர்களின் உடைகளை அரித்தது, மூட்டுகளில் புகுந்து இறுகியது.

சுற்றுப்பாதைக்குப் பதிலாக நிலவின் தரையிலேயே கட்டினால்?

எனக்கு மிகவும் பிடித்த விடை இதுதான். பெரும்பாலான கதைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்கு. கருவி கைதவறினால் கீழே விழும், காணாமல் போகாது. கிரேன் ஆறு மடங்கு பாரம் தூக்கும். உலோகக் குழம்பு அச்சில் தானே இறங்கும், புகையும் தூளும் ஒரு பக்கம் படியும். வெற்றிடம் வேண்டிய வேலைக்கு வெற்றிடமும் வாசலிலேயே இருக்கிறது. கட்டி முடித்தபின் எழும்புவதற்குச் சாதாரண ராக்கெட் எரிபொருளே போதும், எழும் எடையில் பாதிக்கு மேல் கப்பலாகவே இருக்கும். பக்கத்தில் எரிந்துபோக வயல் இல்லை, ஊர் இல்லை.

"மேலே எடையே இல்லையே, பத்து டன் உத்தரத்தை ஒரு விரலால் தள்ளலாமா?" (தேவகோட்டை ஆசாரி கேட்டது)

தள்ளலாம் ஆசாரியாரே, நிறுத்துவதுதான் கடினம். எடை போனாலும் நிறை போகவில்லை. பத்து டன் உத்தரம் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மெதுவாக வந்தாலும், அதற்கும் சுவருக்கும் நடுவில் கையை வைத்தால் கை நசுங்கிவிடும்.

அங்கே ஈர்ப்பு இல்லை என்பதும் சரியில்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம். பட்டறையும் ஆட்களும் கருவிகளும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை. இதனால் வரும் விநோதங்கள் கதைக்குப் பொன். கைதவறிய ஸ்பேனர் நேர் கீழாக, பூமியை நோக்கி மெல்லப் போனால், அது வளைந்து சுற்றி 90 நிமிடம் கழித்து ஏறத்தாழ புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். அதையே பட்டறை ஓடும் திசையில் முன்னோக்கித் தட்டிவிட்டால் மேலேறி, பின்தங்கி, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். 2008இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வெளியே வேலை செய்யும்போது ஒரு கருவிப் பையே நழுவிப் போனது.

திருப்புளியைத் திருகினால், காலைப் பூட்டிக்கொள்ளாதவர் எதிர்ப்பக்கம் சுழல்வார். அதனால் ஒவ்வொரு வேலையும் கால் மாட்டும் இடத்தில்தான் தொடங்கும். விண்வெளி உடைக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கே கையுறை விறைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறை விரலை மடக்குவதும் ஓர் உடற்பயிற்சி. ஆறேழு மணி நேர வேலையில் நகக்கண்கள் புண்ணாகிவிடும். 45 நிமிடம் வெயில், 45 நிமிடம் இருட்டு. வெயில் பட்ட உலோகம் 120 டிகிரி, நிழலில் மைனஸ் 150. காலையில் சரியாக உட்கார்ந்த மூட்டு அடுத்த இருட்டில் சுருங்கிவிடும். மரம் காய்ந்தால் சுருங்கும் என்று இடைவெளி விட்டுப் பூட்டத் தெரிந்த உங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று புரியும். அங்கே வேலைக்கு ஆள் எடுத்தால் அந்த அறிவைத்தான் முதலில் தேடுவார்கள்.

வெல்டிங் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். 1969இல் சோயுஸ் 6 கலத்துக்குள் வலேரி குபாசோவ் முதல்முறை வெல்டிங் செய்து பார்த்தார். 1984 ஜூலையில் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா சல்யூத் 7 நிலையத்துக்கு வெளியே நின்று எலக்ட்ரான் கற்றைக் கருவியால் உலோகத்தை வெட்டினார், பற்றவைத்தார், பூச்சும் பூசினார். விண்ணில் நடந்த முதல் பெண்ணும் அவர்தான். வெற்றிடத்தில் துரு கிடையாது, ஆக்சைடு படலம் புதிதாக உருவாகாது. அதனால் சுத்தமான இரு உலோகப் பரப்புகள் அழுந்தத் தொட்டால் வெப்பமே இல்லாமல் ஒட்டிக்கொள்ளவும் கூடும். வேண்டிய இடத்தில் அது வரம், கீலிலும் திருகிலும் நடந்தால் தொல்லை.

பட்டறையை எந்த உயரத்தில் வைப்பது?

400 கிலோமீட்டரில் வைத்தால் பூமியிலிருந்து போவது எளிது, கதிர்வீச்சு குறைவு. ஆனால் அங்கேயும் மெல்லிய காற்று இருக்கிறது. விண்வெளி நிலையம் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் இறங்குகிறது, அவ்வப்போது மேலே தள்ள வேண்டும். அகலமான, பாதி கட்டிய கப்பல் இன்னும் வேகமாக இறங்கும். அந்தக் காற்றில் பெரும்பங்கு தனித்தனி ஆக்சிஜன் அணுக்கள். பிளாஸ்டிக்கை அரிக்கும், வெள்ளியைக் கறுக்கவைக்கும். இருபது ஆண்டு அங்கே நின்று கட்டப்படும் கப்பலின் தோல் கிளம்பும் முன்பே தேய்ந்துபோகும். குப்பையும் உண்டு. 2009 பிப்ரவரியில் இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 என்ற இரு செயற்கைக்கோள்கள் மோதி உடைந்த துண்டுகள் ஆயிரக்கணக்கில் பரவின. ஒரு மோதல் அடுத்த மோதலைக் கொண்டுவரும் ஆபத்தை டொனால்ட் கெஸ்லர் 1978இலேயே எச்சரித்திருந்தார்.

மேலே போனால் வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்கள். அதையும் தாண்டினால் பூமிக்கும் நிலவுக்குமான ஐந்து லக்ராஞ்சி புள்ளிகள், அதாவது இரண்டின் ஈர்ப்பும் சமன்பட்டு, ஒரு பொருள் அவற்றோடு சேர்ந்தே சுற்றக்கூடிய இடங்கள். அவற்றில் நான்காவதும் ஐந்தாவதும் பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் இயல்புள்ளவை. நிலவுச் சரக்கை நம்பிய பட்டறைக்கு நான் அந்த இடங்களைத்தான் சொல்வேன். பூமிச் சரக்கை நம்பினால் தாழ் சுற்றுப்பாதை.

தொழிலாளர்கள் எங்கே தங்குவார்கள்?

எடையில்லாமல் இருந்தால் இடுப்பு, தொடை எலும்புகள் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் அடர்த்தி இழக்கின்றன. ஆகவே சுழலும் குடியிருப்பு வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு சுற்று சுழன்று பூமியின் எடையைக் கொடுக்க ஆரம் சுமார் 224 மீட்டர். கப்பலுக்கு முன்பே இந்தக் குடியிருப்பைக் கட்ட வேண்டும். அதை எந்தக் கதையும் சொல்வதில்லை. சமையல், பிள்ளைகள், பொங்கல், சம்பளத் தகராறு எல்லாம் அங்கே நடக்கும். வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள் நிறைந்த நம் ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்கு இதை எழுதச் சொல்லித்தரவா வேண்டும்?

மேலே கட்டிய கப்பல் மெலிதாக இருக்கலாம் என்கிறார்களே?

எஞ்சினைப் பொறுத்தது. மெல்ல மெல்ல வேகமெடுக்கும் கப்பல் என்றால் சிலந்திவலை அளவுக்கு மெலிந்த சட்டமே போதும். ஆனால் பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் கப்பல் ஓடுகிறது என்று நீங்கள் எழுதினால், அது பயணம் முழுக்கத் தன் எடையைத் தானே சுமக்க வேண்டும். தரையில் நிற்கும் கட்டடத்துக்கு என்ன பலம் வேண்டுமோ அதே பலம் அதற்கும் வேண்டும். அந்தக் கப்பலைத் தரையில் செங்குத்தாக நிறுத்திக் கட்டினால் முதல் நாளிலிருந்தே சரியான சோதனை நடக்கிறது. தரைப் பட்டறைக்குச் சாதகமாக நான் கேட்ட வாதங்களில் வலுவானது இதுதான். தளங்கள் எஞ்சினுக்குக் குறுக்காக, அடுக்குமாடி போல அமைய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். "கீழே" என்பது எஞ்சின் இருக்கும் பக்கம்.

வடிவம்?

காற்றைக் கிழிக்க வேண்டாம் என்றால் கூர்மூக்கு வேண்டாம், இறக்கை வேண்டாம். வெப்பத்தை வெளியேற்றும் அகன்ற தகடுகள் மட்டும் கட்டாயம் வேண்டும். வெற்றிடத்தில் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே போகும். பல ஓவியர்கள் இதை வரைவதே இல்லை.

எவ்வளவு பெரிய கப்பல் என்று எழுதலாம்?

பிரிட்டிஷ் கோளிடைக் கழகம் 1973 முதல் 1978 வரை டெடாலஸ் என்ற ஆளில்லாக் கப்பலை வடிவமைத்தது. 5.9 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் பர்னார்டு விண்மீனுக்கு, ஒளியின் வேகத்தில் 12 சதவீதத்தில் போக வேண்டும். மொத்தம் 54,000 டன். அதில் 50,000 டன் எரிபொருள். அந்த எரிபொருளில் ஒன்றான ஹீலியம் 3ஐ வியாழனின் காற்று மண்டலத்திலிருந்து எடுக்கத் திட்டம். கூட்டை எங்கே கட்டினாலும், எரிபொருள் நிரப்பும் இடம் பூமியின் தரையாக இருக்க முடியாது என்பதை இதிலிருந்தே பார்க்கலாம்.

தரையில் பொருத்திப் பார்க்காமல் மேலே பூட்டினால் சேருமா?

சேர்ந்திருக்கிறது. விண்வெளி நிலையத்தின் முதல் பாகமான சர்யா ரஷ்யாவில் செய்யப்பட்டு 1998 நவம்பர் 20இல் போனது. அமெரிக்காவில் செய்த யூனிட்டி டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. இரண்டும் முதல்முறை சந்தித்ததே மேலேதான். அப்படிச் சேர்த்துச் சேர்த்து இன்று நிலையம் 400 டன்னுக்கு மேல், 109 மீட்டர் அகலம். அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1990இல் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி, தலைமுடியின் பருமனில் மிகச் சிறு பங்கான 2.2 மைக்ரான் பிழையோடு போனது. படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள். உங்கள் கதையிலும் ஒரு பாகம் சேராமல் போகட்டும். அது கீழே போய்த் திரும்பிவர எத்தனை மாதம், அதுவரை மேலே காத்திருக்கும் தொழிலாளர்கள் என்ன செய்வார்கள் என்று யோசியுங்கள்.

விண்வெளி மின்தூக்கி இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமே?

தீரும். 35,786 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டி நீளும் கேபிளைத் தாங்கும் பொருள் இன்னும் இல்லை. கதையில் அதை வைத்தால் கேபிளின் அடிவாரம் எந்த நாட்டில் என்பதே கதையாகிவிடும்.

கட்டிய கப்பல் யாருக்குச் சொந்தம்?

1967 விண்வெளி ஒப்பந்தப்படி, பதிவு செய்த நாட்டின் அதிகாரம் பொருளோடு கூடவே போகும். நிலவையோ மற்றக் கோளையோ எந்த நாடும் தனது என்று உரிமை கோர முடியாது. பல நாட்டுப் பாகங்கள், நிலவு உலோகம், நடுவானில் பூட்டியது என்றால் வழக்கறிஞர்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள்.

இந்தியக் கப்பலாக, அதிலும் நம் பக்கத்துக் கப்பலாக எழுதலாமா?

தயங்காமல் எழுதுங்கள். 2025 ஜனவரி 16இல் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் சுற்றுப்பாதையில் இணைந்தன. அதைச் செய்த நான்காவது நாடு நாம். மேலே வைத்துப் பூட்டும் தொழிலுக்கு அதுதான் அரிச்சுவடி. 2035க்குள் நமக்கென்று ஒரு விண்வெளி நிலையம் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. எஞ்சின் சோதனை திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் நடக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024இல் அடிக்கல் நாட்டிய ஏவுதளத்திலிருந்து இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே ஏவலாம்.

செட்டிநாட்டிலிருந்தே கப்பல் எழுவதாக எழுத வேண்டாம் என்பது என் கருத்து. எரிந்து முடிந்து ராக்கெட் கழற்றிவிடும் பாகங்கள் விழக் கடல் வேண்டும். ஆனால் பேட்டரி, அரிமானம் தாங்கும் பூச்சு, மின்முலாம் மூன்றும் காரைக்குடியின் அறிவு. அந்தப் பிரிவை இங்கே வையுங்கள். பாகம் இங்கே தயாராகி, லாரியில் தெற்கே போய், ராக்கெட்டில் ஏறி, மேலே ஒரு ஆசாரியின் கையில் சேரும் வழியை வாசகர் கண்ணால் தொடர வேண்டும்.

கடைசியாக, மேலே கட்டிய கப்பல் போய்ச்சேர்ந்த கோளில் இறங்குமா?

இறங்காது. வெப்பக் கவசம் இல்லை, கால் இல்லை, தன் எடையைப் பக்கவாட்டில் தாங்கும் சட்டமும் இல்லை. அங்கேயும் சுற்றுப்பாதையிலேயே நிற்கும். இறங்குவதற்குச் சிறு படகுகளைக் கூடவே எடுத்துப் போகச் சொல்லுங்கள். அவை மட்டும் காற்றுக்கும் ஈர்ப்புக்கும் ஏற்றபடி, தரையில் செய்து தரையில் சோதித்தவையாக இருக்கட்டும். திரும்பி மேலே வர எரிபொருள் அந்தக் கோளில் என்ன கிடைக்கும் என்பதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.